குரங்குகள் குளித்ததும் நான் விழுந்ததும்

தோக்கியோ,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத ஸ்ரீவில்லிபுத்தூர் மச்சான் குருசாமி அவர்களின் சமூகத்துக்கு, இராஜபாளையம் ஐயாதுரை வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நாலு பேரும் குளிர் விட்டுவைத்த அளவுக்குச் சுகம். அங்கே நீங்களும், கருத்தம்மா அக்காவும், பட்டாளத்தில் இருக்கும் பாண்டிதுரையும், அவன் பெண்டாட்டி பிள்ளையும், வத்திராயிருப்புத் தோப்பில் நிற்கும் தென்னைகளும் நல்லபடியாக இருக்க ஆண்டாள் கண் பார்க்க வேண்டும்.

நாங்கள் விமானம் ஏற மதுரைக்குக் கிளம்பிய அன்று உங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது, என்னை மட்டும் டிக்கிப் பக்கம் கூப்பிட்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கும். “ஐயாதுரை, அந்தப் பய நம்ம புள்ளைய எப்படி வச்சிருக்கான்னு கண்ணால பாரும். என்ன குறை இருந்தாலும் ஒண்ணு விடாம எனக்குத் தெரியணும். போன்ல பேசாதீரும். அந்த ஊர்ல வீடெல்லாம் தீப்பெட்டி சைசாம், அம்புட்டுப் பேர் காதுலயும் விழும். லெட்டர் போடும்” என்றீர்கள். நானும் தலையாட்டினேன். வந்து இத்தனை நாளாக எழுதவில்லையே என்று கோபிக்க வேண்டாம். வந்த அன்றிலிருந்து குளிரில் விரல் மடங்கவில்லை. இப்போது நடந்திருக்கிற காரியத்தைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

முதலில் குறைகள். என் பெண் கார்த்திகாவைப் பிறந்த அன்றே உங்கள் பையன் பாண்டிதுரைக்கு என்று நாம் இருவரும் பேசி வைத்ததும், அவள் சென்னையில் படித்து, ஜப்பானுக்கு வேலைக்கு வந்து, இத்தனை தேசம் தாண்டி வந்த இடத்தில் ஒரு பையனைப் பிடித்ததும், அவனும் கடைசியில் செட்டியார்பட்டி கிருபாபாய் டீச்சர் மகனாக, நம் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்துக்காரனாக இருந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. அவர்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் என்பதைக்கூட நான் ஒரு மாதிரி முழுங்கிவிட்டேன். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு பண்ணிவிட்டார்களே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. கல்யாணத்துக்குப் போனேன், பந்தியில் உட்கார்ந்தேன், அவன் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தேன். மூன்று வருஷம் ஆகிறது. போனில் அவன் பேசினால் “ம்” என்று சொல்லி உங்கள் தங்கச்சி கையில் கொடுத்துவிடுவேன். ஊரெல்லாம் மாமனார்கள் வாய் நிறைய மாப்பிள்ளை மாப்பிள்ளை என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் வராது. அந்தத் தம்பி என்றுதான் சொல்வேன். இந்தக் கடிதத்திலும் அப்படியேதான் இருக்கும்.

அந்தத் தம்பி காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே எழுந்து குளியலறையை ஹீட்டர் போட்டுச் சூடு பண்ணி வைக்கிறான். எனக்குக் காபியில் சிக்கரி எவ்வளவு வேண்டும் என்று கார்த்திகாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே அளவில் போட்டு, என் கையில் தராமல், எதிரில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். நேரே தந்தால் நான் வாங்குவேனோ மாட்டேனோ என்ற சந்தேகம். இட்லிக்கு அவன்தான் மாவு அரைக்கிறான். நம் பிள்ளை சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, “உப்பு பாத்துப் போடு” என்று அதிகாரம் பண்ணுகிறாள். எனக்கே வெட்கமாக இருந்தது. இட்லி நன்றாக வருகிறது. அதுவும் ஒரு குறைதான், குறை சொல்ல வழியில்லாமல் போய்விடுகிறது.

இப்படி இருக்கும்போது போன வாரம் உங்கள் தங்கச்சி ஈஸ்வரி டிவியில் ஒரு குரங்கைப் பார்த்துவிட்டாள். நாகனோ என்ற ஊருக்கு அப்பால் மலையில், பனிக்கு நடுவில், வெந்நீர் ஊற்றில் குரங்குகள் கழுத்தளவு இறங்கிக் குளிக்கின்றனவாம். “ஏங்க, நமக்கே இங்க குளிக்கக் கூசுது, குரங்கு குளிக்குதாம்ங்க, கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க” என்று பிடிவாதம். நான் சொன்னேன், “ஏட்டி, உங்க ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படியில உக்காந்திருக்கே, அதெல்லாம் குரங்கு இல்லாம என்னது? அதுக்கு இம்புட்டு தூரம் வரணுமா?” அவள் கேட்கவில்லை. அந்தத் தம்பி அன்றே டிக்கெட் போட்டுவிட்டான். போகிற வழியில் ஒரு பெரிய புத்தர் கோயிலும் உண்டு, அதையும் பார்த்துவிட்டுக் குரங்கைப் பார்த்து ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்று ஏற்பாடு.

சனிக்கிழமை விடியும்முன் எழுப்பிவிட்டார்கள். பனியன், அதன்மேல் ஒட்டிப்பிடிக்கும் ஒரு பனியன், சட்டை, ஸ்வெட்டர், கோட்டு, மங்கி குல்லா எல்லாம் ஏற்றி முடித்தபோது எனக்குக் கையைக் கீழே தொங்கவிட முடியவில்லை, பெங்குவின் மாதிரி விரிந்தே நின்றது. காலுக்கும் ஒட்டிப்பிடிக்கும் சராய் ஒன்று தந்தார்கள். போட்டேன். ஆனால் கோயிலுக்குப் போகிறோம் என்பதால் அதன்மேல் வேஷ்டி கட்டினேன். கார்த்திகா, “அப்பா, பனியில வேஷ்டியா? தடுக்கும்பா” என்றாள். தடுக்காது, என் வேஷ்டி எனக்குத் தெரியும் என்றேன். அந்தத் தம்பி பனிக்கென்று எனக்காக வாங்கி வைத்திருந்த பூட்ஸை வாசலில் நீட்டினான். நான் மதுரையில் வாங்கிய என் ஷூவைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவன் பூட்ஸை ஒரு பையில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

ரயில் போகிற வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன். ஆனால் பெட்டிக்குள் ஒரு சத்தம் இல்லை. இத்தனை ஜனம் உட்கார்ந்திருக்கிறது, இருமல்கூட இல்லை, எழவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும். அந்த அமைதியில் உங்கள் தங்கச்சி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். பெருங்காயம் பெட்டி முழுக்கப் பரவியது. பக்கத்து இருக்கையில் ஒரு ஜப்பான் பெரியவர் மூக்கை உயர்த்தி இந்தப் பக்கம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஈஸ்வரியோ, ஆசையாகப் பார்க்கிறார் என்று எண்ணிக்கொண்டு, பையிலிருந்து சாத்தூர் காராச்சேவை அள்ளி அவர் கையில் வைத்துவிட்டாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, தலையைக் குனிந்து, வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. விடாமல் அம்புட்டையும் சாப்பிட்டார். இறங்கும்போது எழுந்து நின்று கும்பிட்டார். “பாத்தீங்களா, எம்புட்டு மரியாதை” என்றாள் உங்கள் தங்கச்சி. உயிர் தப்பிய சந்தோஷமாகவும் இருக்கலாம்.

கோயில் பெரிய கோயில். ஜென்கோஜி என்று பெயர். வாசலில் ஒரு பெரிய பாத்திரத்தில் ஊதுவத்தி புகைந்துகொண்டே இருக்கிறது, ஜனங்கள் அந்தப் புகையைக் கையால் அள்ளித் தலையில் போட்டுக்கொள்கிறார்கள், நாம் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மாதிரிதான். ஈஸ்வரி புகையை அள்ளி அள்ளித் தன் முழங்காலில் தேய்த்தாள். எனக்கு ஊர் ஞாபகம் வந்து கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ரொம்ப நேரம் நிற்கவில்லை. சாமிக்கு அடியில் ஒரு சுரங்கம் இருக்கிறது, படி இறங்கினால் கும்மிருட்டு. விளக்கு கிடையாது, வேண்டுமென்றே கிடையாது. வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டே போக வேண்டும், எங்கோ ஓரிடத்தில் சுவரில் ஒரு இரும்புப் பிடி இருக்கும், அதைத் தொட்டவர்களுக்கு மோட்சம். இதை அந்தத் தம்பி கார்த்திகாவிடம் சொல்ல, கார்த்திகா என்னிடம் சொன்னாள். நாங்கள் பேசிக்கொள்வது அப்படித்தான், நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

இறங்கினோம். மச்சான், அப்படி ஒரு இருட்டை நான் பார்த்ததில்லை, பார்த்ததில்லை என்று சொல்வதே தப்பு, அங்கே பார்க்க என்ன இருக்கிறது. கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான் மூடினாலும் ஒன்றுதான். முன்னால் போன ஈஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஏட்டி, பைய போ, ஓடாத, சுவத்தப் புடி” என்று சொல்லிக்கொண்டே போனேன். அவளும் நான் சொன்னதற்கெல்லாம் “ஹை, ஹை” என்றாள். இருட்டில் இவளுக்கு ஜப்பான் பாஷையில் ஆமாம் போட வந்துவிட்டதே என்று நினைத்தேன். பிறகுதான் தோள் ரொம்ப ஒல்லியாக இருப்பது உறைத்தது. அது யாரோ ஒரு ஜப்பான் அம்மாள்! கையை வெடுக்கென்று எடுத்தேன். எடுத்ததும் சுவரும் போய்விட்டது, வலது எது இடது எது என்றும் போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் என்மேல் முட்டி நின்றுவிட்டார்கள். “ஏட்டி ஈஸ்வரி! எங்கட்டி இருக்க?” என்று கத்தினேன். எங்கோ தூரத்தில், “நான் தொட்டுட்டேங்க, வெளிய வந்துட்டேன்” என்று அவள் குரல். பெண்டாட்டி மோட்சத்துக்குப் போய்விட்டாள், நான் நடுவழியில் நிற்கிறேன். அப்போது முன்பக்கமிருந்து, வரிசைக்கு எதிராக, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒரு ஆள் வருவது கேட்டது. ஒரு கை என் கையைப் பிடித்தது. “மாமா, நான்தான். இங்கன வாங்க. பயப்படாதீங்க.” பயம் யாருக்கு என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். என்னைக் கூட்டிக்கொண்டு போய், கையை ஜில்லென்று இருந்த இரும்பில் வைத்து, “இந்தா இருக்கு, நல்லா ஆட்டுங்க” என்றான். ஆட்டினேன். வெளிச்சத்துக்கு வந்ததும் கையை விட்டுவிட்டேன். அவன் தொட்டானா என்று கார்த்திகா கேட்டதற்கு, என்னைத் தேடி வந்த அவசரத்தில் தொடவில்லை என்றான். திரும்ப இறங்கச் சொன்னாள். “மாமா தொட்டாச்சுல்ல, போதும்” என்றான். இதையும் குறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். தனக்கென்று ஒன்றை எடுத்துக்கொள்ளத் தெரியாத பையனை நம்பி ஒரு பெண்ணை எப்படி விட்டுவைப்பது?

பிறகு பஸ்ஸில் மலையடிவாரம், அங்கிருந்து காட்டுக்குள் நடை. இரண்டு பக்கமும் நெட்டை நெட்டையாக மரம், தரையெல்லாம் பனி, நம் பிளவக்கல் அணைப் பக்கத்துக் காட்டில் மூட்டை மூட்டையாகப் பஞ்சைக் கொட்டிப் பரப்பியது போல. பேண்டேஜ் துணி நெய்கிறவனுக்குப் பஞ்சைக் காலால் மிதிக்க மனசு வருமா, ஒவ்வொரு அடியும் உறுத்தியது. அந்தத் தம்பி மறுபடி பூட்ஸை எடுத்துக் காட்டினான். நான் மரத்தைப் பார்த்தேன்.

குரங்குகளைச் சொல்கிறேன். குட்டையில் வெந்நீர், மேலே ஆவி, அதற்குள் சிவந்த முகத்தோடு, தலையில் பனி விழ விழ, குரங்குகள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று எல்லோருக்கும் நடுவில் தனியாக, யாரையும் சட்டை பண்ணாமல், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இருந்தது. உங்கள் தங்கச்சி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், “ஏங்க, அது அப்படியே எங்க அண்ணன் மாதிரி இல்ல?” இது அவள் சொன்னது. நான் சொல்லவில்லை. நான் சிரிக்கவும் இல்லை, அப்போது.

நமக்குக் குரங்கு என்றால் தெரியாதா. உங்கள் தோப்பில் இளநீரைத் திருகிப் போட்டதும், நீங்கள் வெடி வெடித்ததும், அது திரும்பி வந்து உங்கள் துண்டை எடுத்துக்கொண்டு போனதும் நான் கண்ணால் பார்த்தவன். அதனால் காராச்சேவுப் பொட்டலத்தை மடியில் சொருகி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, எந்தப் பக்கமிருந்து பாயும் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்து நின்றேன். ஒன்றும் பாயவில்லை. ஒரு பெரிய குரங்கு என் வேஷ்டியை உரசிக்கொண்டு போனது, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குட்டிக் குரங்குகூட என்னை ஒரு கல்லாகவோ கட்டையாகவோ நினைத்துச் சுற்றிக்கொண்டு ஓடியது. பொட்டலத்தைக் கொஞ்சம் வெளியே தெரியும்படி வைத்துப் பார்த்தேன். அப்பவும் இல்லை. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை மச்சான். எதிரில் நிற்கிறோம், இருக்கிறோமா இல்லையா என்றுகூட ஒரு பார்வை இல்லை.

அப்போதுதான் கார்த்திகா என் பக்கத்தில் வந்து நின்றாள். குரங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணுகூட நம்மளப் பாக்க மாட்டேங்குதுல்லப்பா” என்றாள். ஆமாம் தாயி என்றேன். “ஒரு செத்த நேரத்துக்கே உங்களுக்குக் கஷ்டமா இருக்குல்ல?” என்றாள். நான் பொட்டலத்தை மறுபடி மடிக்குள் தள்ளினேன். “அவரு மூணு வருஷமா நிக்காருப்பா” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “உங்ககிட்ட என்ன பேசலாம், எப்படிப் பேசலாம்னு யோசிச்சு யோசிச்சு வச்சிருக்காரு. நீங்க ‘ம்’னு சொல்லிட்டுப் போயிடுதீய. அடுத்த வாரம் ஊருக்குப் போயிடுவீய. பொறவு எப்பப்பா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்ற பெண் சொல்லிக் காட்டினால் வராதா. “நீ கேட்டுட்டா எல்லாம் செஞ்ச?” என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சொல்லிவிட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் திரும்பி, தனியாக, வந்த பாதையில் விறுவிறு என்று நடந்தேன். ஈஸ்வரி கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போய் ஒரு வளைவு, அங்கே வேஷ்டி தடுக்கியதா ஷூ வழுக்கியதா என்று இன்னும் எங்களுக்குள் தகராறு, மரம் மேலே போனது, வானம் கீழே வந்தது, நான் பாதை ஓரத்துச் சரிவில் உருண்டு ஒரு புதருக்குள் போய் நின்றேன். ஊன்றிய கை மடங்கியது. மணிக்கட்டில் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வலி. எழுந்திருக்க முடியவில்லை. ஒரு ஷூவைக் காணோம். மேலே ஆள் நடமாட்டம் இல்லை. பனி முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. இப்படியே கிடந்தால் என்னைப் பனி மூடிவிடும், வசந்தகாலத்தில்தான் கண்டுபிடிப்பார்கள், கடைசியாக என் பிள்ளையிடம் பேசியது அந்த ஒரு பேச்சுதானா என்று நினைத்தபோது கண் கலங்கியது. கலங்கவில்லை, பனி விழுந்தது. சரி, அதை எழுத வேண்டாம்.

ஓடி வருகிற சத்தம். யாரோ வேகமாக வந்து, அதே வளைவில் அவனும் வழுக்கி, அப்படியே உட்கார்ந்தபடி சறுக்கி என் பக்கத்தில் வந்து நின்றான். அந்தத் தம்பிதான். தோளில் பூட்ஸ் பை. “எங்க மாமா வலிக்கு? தலையில அடியா? என்னப் பாருங்க. என் பேரு என்ன, சொல்லுங்க?” என்று பதறினான். தலையில் அடிபட்டவர்களிடம் அப்படிக் கேட்க வேண்டுமாம். “பிரேம்குமார்” என்றேன். பூட்ஸ் பையைத் திறக்கப் போனவன் திறக்காமல் என்னையே பார்த்தான். மூன்று வருஷத்தில் நான் அவன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

என் காலில் பூட்ஸை மாட்டினான். சரியாக இருந்தது, அளவு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கையைத் தொட்டில் மாதிரி தொங்கக் கட்டினான். நடக்கப் பார்த்தேன், தலை சுற்றியது. குனிந்து முதுகைக் காட்டினான். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. மச்சான், என் எடை உங்களுக்குத் தெரியும். உப்புமூட்டை தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பனியில், ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கினான். எதிரே வந்த வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள்.

“ஏலே, கனமா இருக்கேனா?” என்று கேட்டேன்.

“இல்ல மாமா.”

“பொய் சொல்லாத.”

“கொஞ்சம் கனம்தான் மாமா.”

கொஞ்ச தூரம் போனதும் அவனுக்கு மூச்சு வாங்கியது. பிறகு, “மாமா, ஒண்ணு கேக்கட்டா?” என்றான். இப்போது ஏதோ பெரிசாகக் கேட்கப்போகிறான், மன்னிப்பா, மரியாதையா, எதுவானாலும் முதுகில் இருந்துகொண்டு மறுக்க முடியாது என்று நான் தயாரானேன். “பேண்டேஜ் துணிக்கு என்ன நம்பர் நூல் மாமா போடுவீங்க? நான் படிச்சுப் பாத்தேன், ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க” என்றான். கார்த்திகா சொன்ன, மூன்று வருஷமாக யோசித்து வைத்திருந்த பேச்சு இதுதான் போல. சத்திரப்பட்டியில் தறி ஓட்டிப் பிழைக்கிறவனிடம், கை ஒடிந்த நேரத்தில், இதைக் கேட்க இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தோன்றும்? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கை வலித்தது. சொன்னேன். நூல் சொன்னேன், வெளுப்புச் சொன்னேன், இழை நெருக்கம் எதற்கு எவ்வளவு என்று சொன்னேன். அவன் ஒவ்வொன்றுக்கும் சந்தேகம் கேட்டான். அசட்டுச் சந்தேகம் இல்லை. பஸ் நிற்கிற இடம் வந்தபோது நான் நடுவில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

பின்னால் ஓடி வந்த கார்த்திகா என்னைப் பார்த்ததும் அழுதாள். “சும்மா இருட்டி, கைதான போச்சு” என்றேன். வேறு ஒன்று சொல்ல நினைத்தேன். நல்ல கையால் அவள் தலையில் கிடந்த பனியைத் தட்டிவிட்டேன். அவளுக்குப் புரிந்தது. புரிந்திருக்கும்.

கீழே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. எலும்பில் விரிசல் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆயுசு முழுக்க ஊருக்குக் கட்டுத்துணி நெய்தவன், எனக்கென்று கட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. அவர்கள் உள்ளே சுற்றிய துணியைப் பிடித்துப் பார்த்தேன். துணி நல்ல துணி என்று மனசார ஒத்துக்கொண்டேன். அந்த டாக்டர் என்னைக் காட்டி அந்தத் தம்பியிடம் ஏதோ கேட்டார். அவன் ஏதோ சொன்னான். என்ன கேட்டார் என்றேன், ஒன்றுமில்லை மாமா என்றான். வெளியே வந்ததும் கார்த்திகா சொன்னாள். இவர் உனக்கு யார் என்று டாக்டர் கேட்டாராம். மாமனாருக்கு ஜப்பான் பாஷையில் தனியாக ஒரு சொல் உண்டாம். அவன் அதைச் சொல்லவில்லையாம். என் அப்பா என்றானாம்.

ரயிலில் திரும்பும்போது நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டே வந்தேன்.

ஆகையால் மச்சான், நீங்கள் கேட்ட விவரம் இதுதான். குறை ஏராளம். மேலே எழுதியிருக்கிறேன், நிதானமாகப் படித்துக்கொள்ளவும். இதெல்லாம் நடந்துவிட்டது என்பதற்காக நான் இறங்கி வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மாப்பிள்ளை என்று இதுவரை கூப்பிட்டதில்லை. இந்த வயசில் வாய்க்குப் புதுப் பழக்கம் வராது. சித்திரையில் அவர்கள் இருவரும் ஊருக்கு வருகிறார்கள். அப்போது நீங்களும் கோபத்தை ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம், ஐயாதுரை சொல்லித்தான் விட்டார் என்று ஊர் பேசும். கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். முதல் நாள் நீங்கள் கார்த்திகாவிடம் மட்டும் பேசுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு கேட்காத உங்கள் குரலைக் கேட்கத்தான் அவளுக்கு ஏக்கம், வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். மறுநாள் அந்தத் தம்பியிடம் தென்னைக்கு எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர் என்று பேச்சை ஆரம்பியுங்கள். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான், விடாமல் கேட்பான்.

கருத்தம்மா அக்காவுக்கு என் கும்பிடு. பாண்டிதுரை மகளுக்கு ஈஸ்வரி ஒரு பனிக்குரங்குப் பொம்மை வாங்கி வைத்திருக்கிறாள், அது உம்மென்று இருக்காது, சிரிக்கும். பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம், சின்னவர்கள் எல்லோருக்கும் ஆசி, எல்லையில் நிற்கிற பாண்டிதுரைக்கு இரண்டும். ஊருக்கு வந்ததும் நேரில் மிச்சத்தைச் சொல்கிறேன்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
ஐயாதுரை.

பின்குறிப்பு:

ஸ்ரீவில்லிபுத்தூர் மாமாவுக்கு, பிரேம்குமாரின் வணக்கம். ஐயாதுரை மாமாவுக்கு ஒடிந்தது வலது கை. எனவே மேலே உள்ளது எல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. “சொன்னதச் சொன்னபடி எழுதணும், ஒரு எழுத்து கூட்டக்கூடாது, கொறைக்கக்கூடாது” என்பது உத்தரவு. எழுத வேண்டாம் என்று சொன்னதையும் அதனால் எழுதிவிட்டேன். கார்த்திகா தான் எழுதுவதாகச் சொன்னாள். அவள் எழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும் என்று அவளையும் அத்தையையும் காய்கறி வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டார். அவள் எழுத்து என் எழுத்தைவிட எவ்வளவோ நன்றாக இருக்கும்.

சில இடங்களில் என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த இடங்களில் எனக்கும் எழுத்துக் கொஞ்சம் கோணியிருக்கும், மன்னிக்கவும். ‘அந்தத் தம்பி’ என்று வருகிற இடத்தில் என் பெயரைப் போடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். கூடாது என்றார். சரி என்று விட்டுவிட்டேன். மதியத்திலிருந்து இப்போது வரை என்னிடம் பேசிக்கொண்டே இருக்கிறார், மாமா. அதுவே போதும்.

உறையில் உங்கள் விலாசம் எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருந்து குரல் வருகிறது: “என்ன மாப்ளே, இன்னுமா ஒட்டல?” யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியவில்லை. வீட்டில் இப்போது அவரையும் என்னையும் தவிர யாரும் இல்லை. போய்ப் பார்க்கிறேன்.